நானூறு மீட்டர் வயர்

புத்திசாலிகள் பிறந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பட்டியலில் சேராமல் தனித்து விளங்குவது காவிரிக் கரையிலுள்ள கூளப்பாளையம்.

அவ்வூர்ச் சடையப்பனுக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் உயிர். ஆற்றோரத்திலிருந்த நீரேற்றுச் சங்கத்தின் மோட்டார்தான் அதற்குத் தண்ணீர் கொடுத்தது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் டிரைவ் பெட்டி ஒன்றைச் சங்கத்தார் வாங்கினார்கள்.

"தூசி படாம, குளுகுளுன்னு இருக்கற இடமாப் பார்த்து வையுங்க" என்று சொல்லிவிட்டு, கம்பெனி என்ஜினியர் பஸ் ஏறிவிட்டார்.

ஊரிலேயே குளுகுளுவென்று இருந்தது ஓரிடந்தான்: சங்கத் தலைவர் வையாபுரியின் ஏ.சி. படுக்கையறை. ஆற்றிலிருந்து நானூறு மீட்டர். இருந்தாலென்ன, சொல் தட்டாத மனிதர்கள்! பெட்டியைக் கட்டிலில் ஏற்றி, அங்கிருந்து மோட்டார் வரை வயர் இழுத்தார்கள். தலைவர் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார்.

மூன்றாம் நாள் மோட்டார் புகைந்தது. கொடிக்கால் தலை தொங்கிற்று. சடையப்பன் அழாக்குறையாக என்ஜினியருக்குப் போன் போட்டான்.

"நானூறு மீட்டரா! அவ்வளவு நீள வயர்ல போற கரண்ட் மோட்டார்ல மோதித் திரும்பும்யா. வோல்டேஜ் எகிறி, மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பிக் காயில் கருகிரும். ஐம்பது மீட்டருக்கு மேல வயர் இருக்கவே கூடாது!"

சங்கம் கூடியது. கணக்கில் புலியான செயலாளர் சென்னிமலை எழுந்தார்.

"எட்டுத் துண்டாப் போட்டா ஒவ்வொண்ணும் ஐம்பதுதானுங்களே?"

"அதை முறுக்கிச் சேர்த்தா மறுபடியும் நீளமாயிருமேப்பா?" என்றார் தலைவர்.

"ஏனுங் தலைவரே, எட்டு மாட்டை ஒரே கயித்துல கட்டினா, அது ஒரே நீள மாடு ஆயிருமுங்களா?"

அன்றே வயரை எட்டாக வெட்டி, முனைகளை முறுக்கிச் சேர்த்தார்கள்.

புதிதாகக் காயில் கட்டி வந்த மோட்டார் மறுநாளே கருகியது. கொடிக்காலில் பாதி மஞ்சளாயிற்று. சடையப்பன் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஐயா சாமி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையுங்கய்யா!" என்று போனில் கத்தினார் என்ஜினியர்.

எதை நகர்த்துவது? மீண்டும் ஆலோசனை.

"பெட்டி குளிர்ல இருந்து பழகிருச்சு. வெயில்ல தூக்கிட்டுப் போனா ஒடம்புக்குச் சேராது" என்றார் தலைவர்.

"அப்ப மோட்டாரை இங்க கொண்டாந்துரலாமுங்!" என்றான் சடையப்பன். தன் மூளையை எண்ணி அவனுக்கே புல்லரித்தது.

பம்பிலிருந்து கழற்றி, மறுபடியும் காயில் கட்டி, வண்டியில் ஏற்றி வந்து, மோட்டாரைக் கட்டிலில் பெட்டியின் அருகே படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். புகையில்லை, முனகலில்லை, வெண்ணெயாய்ச் சுழன்றது! கண் கலங்கிய சடையப்பன் கொடிக்காலுக்கு ஓடினான். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து, போனை எடுத்தான்.

"சார், மோட்டார் அருமையா ஓடுதுங். பெட்டிக்கும் அதுக்கும் ஒரு சாண்தானுங். இன்னும் ஒண்ணே ஒண்ணு நீங்க சொல்லோணும். காவிரியைக் கட்டிலுக்கு எத்தனை மீட்டர்ல கொண்டாந்து வைக்கறதுங்?"

அதற்குள் தலைவர் படுக்கையறையின் ஆற்றுப் பக்கச் சுவரை இடிக்க ஆள்விட்டிருந்தார். வருகிற ஆறு வாசலில் காத்து நிற்கக் கூடாதல்லவா?