தூரம் எழுந்து நின்ற நாள்

ஒரு காலத்தில் சென்னை விமான நிலையத்துக்கும் டொராண்டோ விமான நிலையத்துக்கும் நடுவில் தூரம் படுத்துக் கிடந்தது. தலை இங்கே, கால் அங்கே, வயிற்றின் மேல் கடல். பக்கத்திலேயே நேரம், ஒல்லிப்பிச்சான், உட்காராமல் நடந்துகொண்டே இருக்கும்.

தூரத்துக்கு ஒரு மனக்குறை.

"எவ்வளவு தூரம்னு என் பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க. பதில் மட்டும் 'ஒரு நாள் ஆகும்'னு உன் கணக்குல வருது. மரியாதை உனக்கு, திட்டு எனக்கா?"

"திட்டு வாங்க உனக்கு உடம்பு இருக்கு. எனக்கு எங்க இருக்கு?" என்றது நேரம்.

அப்போது பல்லாவரத்து ஞானசெல்வம் சென்னை விமான நிலையத்துக்கு வந்தாள். டொராண்டோ போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மகனுக்கு அச்சுமுறுக்கு கொடுத்தனுப்பப் பார்த்தாள். பெட்டி கனம் கூடிப்போச்சு என்று அந்தப் பெண் கையை விரித்துவிட்டாள். டப்பாவும் கையுமாக நின்றவளுக்கு வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் போன் வந்தது. மகன் ஜெபசிங்.

"எல்லாம் இந்தப் பாழாப்போன தூரத்தாலம்மா. பக்கத்துல இருந்தா தினம் உன் கையாலதான் சாப்பிடுவேன்" என்று விசும்பினான். அவன் முகத்தை அவள் நேரில் பார்த்து ஆறு வருஷம்.

தூரத்துக்கு மனசு தாங்கவில்லை. எழப் பார்த்தது.

"எழுந்திரிக்காதப்பா! அப்புறம் பழி என் தலையில விழும்" என்று நேரம் காலைப் பிடித்தது.

தூரம் கேட்கவில்லை. கடலைப் பாய் மாதிரி சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றது. இரண்டு விமான நிலையமும் டமாரென்று முட்டிக்கொண்டன. நடுவில் ஒரே ஒரு குட்டைச் சுவர். விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். காபி கேட்டவரை, "வந்தாச்சு சார், வெளியில போய்க் குடிச்சுக்கோங்க" என்று இறக்கிவிட்டார்கள்.

ஞானசெல்வம் சுவரை எட்டிப் பார்த்தாள்.

"டேய் ஜெபா!"

கம்பளிச் சட்டையோடு ஓடி வந்தவன் திகைத்துப்போனான்.

"தூரம் எழுந்திரிச்சிடுச்சுடா. வா, மீன் குழம்பு வச்சிருக்கேன்."

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். "வரணும்தாம்மா. நேரமே இல்லையே..."

"அடப்பாவி! உன் முன்னாலதானே முழுசா நிக்கிறேன்!" என்று நேரம் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

"அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேம்மா." டப்பாவை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு சுவர்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் போனும் நின்றுபோனது.

ஞானசெல்வம் தூரத்திடம் வந்தாள்.

"ஐயா, நீங்க பழையபடி படுத்துக்கோங்க."

"ஏம்மா, நல்லதுதானே செஞ்சேன்?"

"நீங்க படுத்திருந்தா எம்புள்ள எனக்காக அழுவான்யா."

தூரம் கடலை விரித்துப் படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. "இந்தப் பாழாப்போன தூரம்மா..." என்று ஜெபசிங் விசும்பினான்.

"ஆமாய்யா, நாசமாப் போற தூரம்" என்றாள் ஞானசெல்வம், தன் பக்கம் கிடந்த தூரத்தின் தலையை மெல்லக் கோதிவிட்டபடி.