இசக்கிராஜ் கேட்ட அறை

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வீடு அமைவதைக் கொடுப்பினை என்பார்கள். இசக்கிராஜைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். அவன் வீட்டுத் தெருமுனையில் திரும்பினால் பல்கலைக்கழக வாசல். எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம் ஆகியும், படிக்க என்று எங்கேயும் போனதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

பொங்கல் லீவு விட்டால் விடுதிப் பையன்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஊருக்குப் போயிட்டு வாரேன்டே" என்று கிளம்புவார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு முறுக்கு டப்பா, ஆளுக்கொரு கதை. பாவம், இவன் எந்த ஊருக்குப் போவான்?

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கையில் டிபன் பாக்ஸோடு நேரே சூசைமாணிக்கம் சார் முன்னால் போய் நின்றுவிட்டான். அவர் தாவரவியல் பேராசிரியர். ஆண்கள் விடுதிக்கு வார்டனும் அவர்தான். உள்ளூர்ப் பையன்களுக்கு விடுதியில் இடமில்லை என்பது விதி. வார்டன் மனசு வைத்தால் விதி கொஞ்சம் வளையும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"சார், எனக்கு ஹாஸ்டல்ல ஒரு ரூம் வேணும்."

"ஏன், வீடு இடிஞ்சு போச்சா?"

"இல்ல சார்."

"அம்மா திட்டுதாகளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் வீட்டை விட்டு வந்து படிக்கான். ஒத்தையில நின்னு பழகுதான். நான் மட்டும் இன்னும் அம்மா கையால தின்னுக்கிட்டுக் கெடக்கேன். இப்படியே இருந்தா நான் எப்ப சார் மனுசனாவேன்?"

சொல்லும்போதே பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று சாருக்குப் புரிந்தது. விடுதி மாடியில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதை யாருக்காவது ஒதுக்கியாக வேண்டும்.

சார் கையை நீட்டினார். "அந்த டிபன் பாக்ஸைக் கொடு."

கொடுத்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் சாப்பாடு எனக்கு. நீ மெஸ்ல சாப்பிடு. அப்புறம் பேசுவோம்."

இதென்னடா வம்பு என்று நினைத்தாலும் இசக்கிராஜ் மெஸ்ஸுக்குப் போனான். அந்தச் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா இல்லையா என்று பந்தயமே கட்டலாம். அவனுக்கு அதுவே அமிர்தம். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

வீட்டில் அவன் இருப்பு மாடியறையில். ஏறி இறங்க வெளிப்படி உண்டு. காலையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இறங்குவான். கூடத்து மேசையில் டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று பொதுவாக ஒரு குரல் கொடுப்பான். நூலகம், நண்பர்கள், டீக்கடை எல்லாம் முடிந்து திரும்பும்போது வீடு அடங்கியிருக்கும். மூடி வைத்த தட்டில் இருப்பதை போனைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு மாடியேறிவிடுவான்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு அவன் அங்கேயே நின்றான். சார் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரூம்..."

"உக்காரு. உங்க வீட்ல இப்ப யாரு சமைக்கா?"

"எங்கம்மாதான் சார். வேற யாரு?"

"திங்கக்கிழமை வெண்டைக்கா பொடிசு பொடிசா நறுக்கியிருந்துது. ருசின்னா அப்படி ஒரு ருசி. புதன்கிழமைலேர்ந்து கடுகு கருகிக் கெடக்கு. இன்னைக்கு இந்த அவரைக்காயைப் பாரு, நார்கூட எடுக்கல. கை மாறியிருக்குடே."

"அவசரத்துல செஞ்சிருப்பாங்க சார்."

"அம்மாவைக் கடைசியா எப்ப பாத்த?"

"ஒரே வீடுதான சார்? பாக்காமலா இருப்பேன்?" என்றான். ஆனால் எப்போது என்று சொல்ல வரவில்லை.

"போய்ப் பாத்துட்டு வா."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அடுக்களையில் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கைவரை கட்டு.

"என்னம்மா இது?"

அம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "குக்கர் ஆவி அடிச்சிட்டு ராசா. செவ்வாக்கிழமை சாயங்காலம். இப்ப எரிச்சல் இல்ல. நீ எங்க இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

புதன்கிழமை காலையில் இசக்கிராஜ் குரல் கொடுத்தபோது உள்ளேயிருந்து, "பாத்துப் போப்பா" என்று வந்த குரல் அம்மாவுடையதுதான். எட்டிப் பார்த்திருக்கலாம். அப்பா அடுப்பைப் பற்றவைத்தார்.

அவன் திரும்பி வந்தபோது சார் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். பக்கத்தில் விடுதி மாடியறைச் சாவி இருந்தது.

"அம்மா கை வெந்து போச்சு சார். செவ்வாக்கிழமையே. அப்பாதான் சமைக்காரு."

"ம்."

"நான் அங்கதான சார் இருக்கேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

சார் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"வெளியூர்ல படிக்கிற பிள்ளகிட்ட இதையெல்லாம் யாருடே சொல்லுவாக?" என்றார்.