மண்ணைத் தூவி அளந்த மாசிலாமணி

ஊருக்கொரு ராஜா இருந்து, பக்கத்து ஊர் ராஜாவோடு சண்டை போடுவதையே வேலையாக வைத்திருந்த காலம் அது. அப்போது கரும்பாடி என்ற ஊரில் மாசிலாமணி என்றொரு தானிய வணிகன் இருந்தான். நீங்கள் யாரும் அவனிடம் நெல் வாங்கியதில்லை, புண்ணியம் செய்தவர்கள்.

அவனிடம் இருந்தது ஒரே படிதான். ஆனால் கை இரண்டு விதம். குடியானவனிடம் வாங்கும்போது படியைக் குலுக்குவான், தட்டுவான், அமுக்குவான். விற்கும்போது தானியத்தை விரலிடுக்கில் பூவாகத் தூவுவான். படி கோபுரம் கட்டி நிறையும். வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் முக்கால் படிதான் இருக்கும்.

இப்படிப்பட்டவனுக்கும் உயிருக்கு உயிரான ஒரு மகள் இருந்தாள். பெயர் பூங்கோதை. அவளைப் பக்கத்து ஊர் அம்பலவாணரின் மகனுக்குப் பேசி முடித்தார்கள். பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடித்திருந்தது, பிள்ளைக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. அம்பலவாணர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கல்யாணம் உங்க வீட்லதான் நடக்கணும். வீடும் நல்லா பெருசா இருக்கணும். தை மாசத்துக்குள்ள ஆகலைன்னா நாங்க வேற இடம் பாத்துக்குவோம்."

மாசிலாமணியோ கடைக்குப் பின்னால் மூட்டைகளோடு மூட்டையாகக் குடியிருந்தவன். சித்திரை வெயிலில் மனை தேடி அலைந்தான். ஏரிக்கரை ஓரம் ஒரு கரிசல் நிலம் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று அவன் கேட்கவில்லை. மலிவாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்கும் வழக்கம் அவன் பரம்பரையிலேயே கிடையாது.

சோதிடர் வந்தார்; ஒன்பது கிரகங்களையும் விசாரித்துவிட்டு நல்ல மனை என்றார். பூசாரி வந்தார், பூப்போட்டுப் பார்த்து நல்ல மனை என்றார். பல்லி ஒன்று கத்தியது. அதுவும் நல்ல மனை என்றுதான் சொன்னதாகச் சோதிடர் சொன்னார்.

கடைசியாகக் குழி பார்க்கும் வழக்கம் பாக்கி இருந்தது. முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, வெட்டிய மண்ணையே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் வீடு கட்டலாம், சரியாக இருந்தால் யோசிக்கலாம், குறைந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. அதற்குக் கிணறு வெட்டும் காத்தாயியைக் கூட்டிவந்தார்கள்.

காத்தாயி முதல் குழி வெட்டி மூடினாள். நான்கு விரற்கடை குறைந்தது. இரண்டாவது வெட்டினாள். ஐந்து விரற்கடை குறைந்தது.

"சாமி, இது பொல்லாத மண்ணு. வெயில்ல வாயப் பொளக்கும், மழையில வீங்கும். மேட்டுச் செம்மண்ணுல பாருங்க."

"நீ போட்டு மிதிச்சா எந்த மண்ணுதான் குறையாது? அளக்கிறதுக்கு எனக்கே சொல்லித்தர்றியா?"

மாசிலாமணி மூன்றாவது குழியை வெட்டச் சொல்லி, அதைத் தானே மூட உட்கார்ந்தான். கட்டிகளை உதிர்த்தான். விரலிடுக்கில் அள்ளினான். அப்புறம் என்ன, பழகிய கை! பூவாகத் தூவினான். குழி நிறைந்து, மேலே கோபுரம் கட்டி, இன்னும் ஒரு கூடை மண் மிச்சம் இருந்தது. மாசிலாமணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஊரையெல்லாம் ஏமாற்றிய அந்தக் கை அன்று முதலாளியையே ஏமாற்றிவிட்டது, பாவம்.

வீடு எழுந்தது. ஐப்பசி மழையும் வந்தது. மண் வீங்கியது. கார்த்திகையில் அம்பலவாணர் வீடு பார்க்க வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு மறுபடி திறக்கவில்லை. நிலை கோணிக்கொண்டு கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. நான்கு பேர் தள்ளினார்கள், எட்டுப் பேர் தள்ளினார்கள். கடைசியில் சுவரே மனமிரங்கி ஆள் நுழையும் அளவுக்கு வெடித்தது. அந்த வெடிப்பு வழியாகச் சம்பந்தி வெளியே வந்தார், தலையெல்லாம் சுண்ணாம்பு.

"இந்த மண்ண சோதிச்சது யாரு?" என்று கத்தினார்.

ஊரே காத்தாயியைப் பார்த்தது. அவள்மேல் பழி விழுந்தால் இனி யாரும் அவளைக் கிணறு வெட்டக் கூப்பிட மாட்டார்கள். மாசிலாமணிக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே வார்த்தைதான், மகள் கல்யாணம் பிழைத்துவிடும். ஆனால் பூங்கோதை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று குழிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். பெற்ற மகள் முன்னால் அந்தப் பொய் வெளியே வரவில்லை.

"அவ இது வேணாம், மேட்டுச் செம்மண்ணுல பாருங்கன்னுதான் சொன்னா. நான்தான் மண்ணத் தூவி நெறைச்சேன்" என்றான். சொல்லிவிட்டு, மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று நடுத்தெருவில் நின்று அழுதான்.

அம்பலவாணர் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். பிறகு சம்பந்தியைத் தனியாக இழுத்துப் போய், காதோடு காதாகக் கேட்டார்:

"அந்த மேட்டுச் செம்மண்ணுல பந்தல் நிக்குமா?"

"நிக்கும் சம்பந்தி. ஆனா நீங்க வீடுதானே கேட்டீங்க?"

"எங்க வீடும் கரிசல்லதான்யா இருக்கு. சமையக்கட்டு போன வருசமே விழுந்துடிச்சு. இல்லாட்டி கல்யாணத்த உங்க வீட்லதான் வைக்கணும்னு நான் ஏன் அடம் பிடிக்கிறேன்?"

தை மாதம் செம்மண் மேட்டுப் பந்தலில் பூங்கோதைக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்திகள் இருவரும் முன்வரிசையில் காத்தாயியை உட்கார வைத்து, ஆளுக்கொரு மனை பார்த்துத் தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டியதை இருவருமே பார்க்கவில்லை.

ஆகவே பெரியோரே, சிறியோரே, மனை வாங்குமுன் உங்களுக்குப் பிடித்த பதிலை மண்ணுக்குச் சொல்லிக்கொடுக்காமல், மண் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.