இரண்டு வரவேற்புரைகள்

இறையியல் கல்லூரி மண்டபம் நிறைந்திருக்க, ஆய்வு மாணவி ஜெயசீலியை வாய்மொழித் தேர்வில் மடக்கினார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் தேவசித்தம்.

“வேதாகமத்தின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கடவுள் படைத்தது மரமும் மிருகமும் முந்தி, மனிதன் கடைசி. இரண்டாம் அதிகாரத்தில் மனிதனே முந்தி. அறிவியலுக்கு ஒரே வரிசைதான் அம்மா. எது பொய்? சொல்லாவிட்டால் பட்டம் இல்லை.”

ஒன்றைப் பொய்யென்றால் திருச்சபை அவளுக்கு வேலை தராது. இரண்டும் மெய்யென்றால் இவர் தேர்ச்சி தரமாட்டார். ஜெயசீலி அவர் தோளைப் பார்த்துச் சொன்னாள்.

“ஐயா, காலையில் உங்களை இருவர் வரவேற்றார்கள். கல்லூரி முதல்வர் கட்டடம், நூலகம், விடுதி என்று அடுக்கி, கடைசியில் உங்கள் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். செயலாளரோ உங்கள் பெயரில் தொடங்கி, உங்களுக்காகவே நூலகமும் விடுதியும் எழும்பியதாகச் சொல்லி, இன்னொன்று போர்த்தினார். எது பொய் ஐயா? பொய் சொன்னவரின் பொன்னாடையைத் திருப்பித் தந்துவிடலாமே!”

மண்டபம் சிரித்தது. தேவசித்தம் தோளில் கிடந்த இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

“இரண்டும் பெருமை சொல்ல வந்த பேச்சு அம்மா, தேதி சொல்ல வந்ததல்ல.”

“அதுவேதான் ஐயா, என் ஆய்வேட்டின் முடிவுரை.”

பொன்னாடைகள் அவர் தோளிலேயே தங்கின. பட்டம் அவள் கைக்கு வந்தது.