சுல்தான் விற்ற தர்பூசணி

முன்னொரு காலத்தில் பவளத்துறை என்ற கடலோர நாட்டை முபாரிஸ் ஷா என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஈக்கு வரி போடலாமா என்று யோசிப்பார்.

அவருக்கு ஒரு வினோதப் பழக்கம். அரண்மனைக்குப் பின்னால் மணல்வெளியில் தன் கையாலேயே தர்பூசணி பயிரிடுவார். பழுத்ததும் அழுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கழுதைமேல் பழங்களை ஏற்றிப்போய்க் கடைத்தெருவில் விற்றுவருவார். சொந்தமாக உழைத்த காசில் ஒருவேளைக் கஞ்சியாவது குடிக்கவேண்டும் என்று ஆசை. தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அவர் நினைப்பு. ஊருக்கே தெரியும். பாவம், மனிதர் சந்தோஷப்படட்டும் என்று எல்லோரும் தெரியாததுபோல் நின்று, கேட்ட விலை கொடுத்து வாங்கிப்போவார்கள்.

சபையில் குதுபு மரக்காயர் என்றொரு பிரபு. மந்திரி நெய்னா லெப்பையைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் அவர் பளபளக்கும் அரபுக் குதிரை ஒன்றை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சுல்தானே, இதை ஓர் ஆட்டின் விலைக்கு வாங்கினேன்! கப்பல் கரைசேருமுன் படகில் எதிரே போய், இதை விற்க வந்த பெண்பிள்ளையைப் பிடித்தேன். 'இந்த ஊரில் குதிரையை நாயும் சீண்டாது. திரும்பக் கொண்டுபோனால் தீவனச் செலவுதான் மிச்சம். என்னிடம் தள்ளிவிட்டுப் போ' என்றேன். அந்தப் பெண்பிள்ளை தள்ளிவிட்டாள்!"

சுல்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அந்தப் பெண்ணே வாசலில் வந்து நின்றாள். பெயர் மைமூன். புருஷன் குதிரை வியாபாரி. வரும் வழியில் கடலிலேயே மௌத்தாகிப்போனான். அவன் விட்டுப்போனது இந்தக் குதிரையும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான். குதிரையை விற்று, இந்த ஊரிலேயே குடிசை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தாள்.

"கடைத்தெருவுக்கு வந்த பொறவுதான் வெல தெரிஞ்சுது, ராஜா. வாங்குன காசு அப்படியே இருக்கு. என் குதிரையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

மந்திரி எழுந்தார். "சுல்தானே, சரக்கு சந்தைக்கு வருமுன் எதிரே போய் மடக்கி வாங்குவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அப்படி விற்றவர், சந்தைக்கு வந்து விலையை அறிந்ததும் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம்."

"மந்திரிக்கு அடுத்தவன் சாமர்த்தியம் பொறுக்காது" என்றார் மரக்காயர்.

சுல்தானுக்கு அன்றைக்குச் சாமர்த்தியம் பிடித்திருந்தது. "வாயால் சரி என்றாள், கையால் வாங்கிக்கொண்டாள். முடிந்த வியாபாரம் முடிந்ததுதான். நெய்னா, 'முறி' என்று என் வாயாலேயே சொல்லவைத்தால் குதிரை அவளுக்கு. வெள்ளிக்கிழமை கப்பல் திரும்புகிறது. அதற்குள் முடியாவிட்டால் அவள் வெறுங்கையோடு அதிலேயே ஏறிப்போகட்டும்!"

மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மந்திரி தாடியைத் தடவிக்கொண்டே வெளியேறினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சுல்தான் கழுதையோடு புறப்பட்டார். பாதி வழியில், நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு வெளியூர் வியாபாரி மறித்தான்.

"பெரியவரே, இன்றைக்கு இந்த ஊரில் தர்பூசணியை நாயும் சீண்டாது. திரும்பக் கொண்டுபோனால் கழுதைக்குத் தீவனச் செலவுதான் மிச்சம். என்னிடம் தள்ளிவிட்டுப் போம்."

சுல்தானின் முகம் தொங்கிப்போனது. பழங்களைத் தள்ளிவிட்டு, அவன் கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டு, கஞ்சியாவது குடிப்போம் என்று மெல்லக் கடைத்தெருவுக்கு நடந்தார். அங்கே போனால் ஒரே தள்ளுமுள்ளு! குறுக்குவழியில் முந்தி வந்திருந்த தாடிக்காரன், அவர் நகத்தால் பிறைக்குறி கீறிய அதே பழங்களை, தான் கொடுத்ததைப்போல் பத்து மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

"அடே திருடா! பழத்தைத் திருப்பிக் கொடு!"

"வாயால் சரி என்றீர், கையால் வாங்கிக்கொண்டீர். முடிந்த வியாபாரம் முடிந்ததுதான்."

"அப்போது நான் சந்தைக்கே வந்து சேரவில்லையே! விலை தெரியாதவனிடம் பொய் சொல்லி வாங்குவதெல்லாம் ஒரு வியாபாரமா? முறி! இப்போதே முறி! நான் யார் தெரியுமா?" என்று தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார். "சுல்தான்!"

"அடடே, சுல்தானா!" என்று கடைத்தெருவே வாயில் கைவைத்தது. மீன்காரி ஒருத்தி மயக்கமே போட்டாள்.

தாடிக்காரன் ஒட்டுத்தாடியைப் பிய்த்தான். உள்ளே மந்திரி நெய்னா லெப்பை!

"என்னிடமே பொய் சொன்னீரா, நெய்னா?"

"அந்தப் பொய் என்னுடையதல்ல, சுல்தானே. குதுபு மரக்காயரிடம் இரவல் வாங்கினேன். குதிரை இருந்த இடத்தில் தர்பூசணியை வைத்தேன், அவ்வளவுதான். பழம் விற்ற காசு முழுவதும் இதோ."

"எனக்கே இப்படி வயிறு எரிகிறதே, அந்தப் பெண்ணுக்கு எப்படி எரிந்திருக்கும்!" என்று சுல்தான் தலையில் அடித்துக்கொண்டார். "கப்பல் போய்விட்டதா, ஓடிப் பாருங்கள்!"

நல்லவேளை, போகவில்லை. கையில் மூட்டையோடு கப்பல் ஏறும் பலகையில் கால் வைக்கப்போன மைமூனை அழைத்துவந்தார்கள். அரண்மனை முற்றத்தில் மரக்காயர், சுல்தானின் வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு முன்னால் போவதற்காக, அதே குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த வியாபாரத்தை முறித்தேன், மகளே. குதிரை உன்னுடையது, காசு மரக்காயருடையது. கடைத்தெரு சொல்லும் விலைக்கு எனக்கு விற்பாயா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியும் சொன்னாள்: "விக்கிறேன், ராஜா. ஆனா ஒரு கொறை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. முரசு சத்தம் கேட்டா இது உக்காந்துரும். படகுல வந்தவருட்டயும் சொல்ல வாயெடுத்தேன், அவரு கேக்கல."

சுல்தான் ஊர்வலத்துக்காக நின்ற முரசுக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஓர் அடிதான். குதிரை பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது. மரக்காயர் வால்வழியே சறுக்கித் தரைக்கு வந்து சேர்ந்தார்.

குறைக்கு உரியதைத் தள்ளி, மீதி நியாய விலை முழுவதையும் சுல்தான் கொடுத்தார். நெய்னா லெப்பைக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். மரக்காயருக்கு ஒரு வேலையும் கொடுத்தார்: இனி எந்தக் கப்பல் வந்தாலும் படகில் எதிரே போய், அன்றைய சந்தை விலையை உரக்கக் கத்தவேண்டும். முதல் வாரமே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

கப்பல் போனது, மைமூன் போகவில்லை. சில நாளிலேயே குடிசை போட்டு, பெண்பிள்ளைகளோடு தன் கூரையின்கீழ் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த பருவத்தில் சுல்தான் வேஷமில்லாமலே கழுதையோடு கடைத்தெருவுக்கு வந்தார். "இதோ பாருங்கள், இந்தப் பழம் ஒரு பக்கம் வெம்பல்" என்று அவரே திருப்பிக் காட்டினார். ஊர்க்காரர்களுக்கும் அன்றைக்குத்தான் தைரியம் வந்து, உள்ள விலையைச் சொன்னார்கள். பழைய விலையில் பாதிகூடத் தேறவில்லை. அந்தக் காசில் வாங்கிய கஞ்சியை, இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார் சுல்தான்.