பூவராகன் பேரை விற்றுக் கட்டிய பாலம்

தலையாட்டிபுரத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். முன்பொரு முறை ஊரைப் படம் எடுத்துப் போக ஒரு சர்வேயர் வந்தார். "எடுத்துட்டுப் போயிட்டா நாங்க எங்க இருப்போம்?" என்று ஊரே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. அவர் எடுக்காமலே போய்விட்டார்.

அந்த ஊர் நகர்மன்றத் தலைவர் பூவராகனுக்கு அவசரமாக ஒரு பாலம் தேவைப்பட்டது. அவர் மனைவி வடிவாம்பாள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்காகப் பரிசலில் போனவள். பரிசல் நடு ஆற்றில் ஏழு சுற்று சுற்றியது. இறங்கியவள், "பாலம் கட்டினாத்தான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மாதமாகப் பூவராகனுக்கு உப்புமாதான். மாலையானால் இவர் இக்கரையில் போய் நிற்பார், அவள் அக்கரையில் வந்து நிற்பாள். "பத்திரமா இருங்க!" என்று கத்துவாள். அதைக் கேட்டால்தான் அவருக்கு உப்புமா தொண்டையில் இறங்கும்.

கஜானாவில் பல்லிகள் மட்டும் இருந்தன. அதனால் பட்டணத்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மாவை வரவழைத்தார்கள்.

"பெரிய வேலைக்குக் கையில காசு இருந்தே ஆகணும்னு இல்லைங்க. நகராட்சிப் பத்திரம் வெளியிடலாம். பாலம் வருதுன்னா சுத்தியிருக்கிற நிலம் ஏறும், ஏறினதுல ஒரு பங்கு வாங்கலாம். அதுவும் ஆகலைன்னா பேரை வித்துடலாம், காசு கொடுக்கிறவங்க பேர்ல பாலம் நிக்கும். சந்தேகம் இருந்தா கேளுங்க."

"சந்தேகமா? எங்களுக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லீங்களே!" என்றார் பூவராகன் பெருமையாக. அந்த அம்மா நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

மன்றம் கூடியது.

"பத்திரம்னா என்ன தலைவரே?" என்று கேட்டாள் கவுன்சிலர் கோமளம்.

"எங்க வீட்டுக்காரி அக்கரையில நின்னு தினம் சொல்றாளே, அதுதான். ஜாக்கிரதை."

"வெளியிடறதுன்னா?"

பொறியாளர் ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். "உள்ள உட்கார்ந்து சொன்னா செல்லாது. வெளியே போய்ச் சொல்லணும்."

மறுநாள் காலை மூவரும் தெருத்தெருவாகப் போய், "பத்திரம்! பத்திரம்!" என்று வெளியிட்டார்கள். கேட்ட ஜனங்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டார்கள். பரிசல்காரர் எல்லாரையும் மிஞ்சினார். பரிசலை வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பரண்மேல் ஏற்றிக் கட்டிவிட்டார். ஆற்றைக் கடக்க இருந்த ஒரே வழியும் அன்றோடு போயிற்று.

"வெளியீடு அமோக வெற்றி. வாங்காத வீடே இல்லை" என்று கோமளம் குறிப்பேட்டில் எழுதினாள்.

அடுத்து நிலம் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். தினமும் அளந்தார்கள். பதினோராம் நாள் ஆவுடையப்பன் கொல்லையில் நிலம் இரண்டடி ஏறியிருந்தது. மற்ற ஊர்களில் அதைக் கரையான் புற்று என்பார்கள். பாதியை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து மன்றத்தில் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் எல்லா நாற்காலிக்கும் கால் போயிற்று.

"நிலம் ஏறினா நாற்காலி இறங்கும் போல" என்றார் ஆவுடையப்பன்.

மூன்றாவது கூட்டம் தரையில் நடந்தது.

"பேரை விக்கணும். யார் பேரை?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"என் பேர் எங்க அத்தையோடது. அவங்களைக் கேட்காம விக்க முடியாது" என்றாள் கோமளம். "பொண்டாட்டி வரவேண்டியது தலைவருக்குத்தானே?"

பூவராகன் யோசித்தார். நாற்பத்தொன்பது வருஷமாகக் கூடவே இருக்கிற பேர். ஆனால் அதை அவர் உபயோகித்ததைவிட மற்றவர்கள் உபயோகித்ததுதான் அதிகம். வடிவாம்பாளோ புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று ஒரு நாளும் அதைத் தொட்டதே இல்லை. அவளே தொடாத பொருள் போனால் என்ன?

ஆற்றோரம் நின்று ஏலம் கூவினார்கள். அக்கரையில் பாத்திரக்கடையும் இரும்புக் கிடங்கும் வைத்திருந்த தெய்வசிகாமணி காதில் அது விழுந்தது. அவருக்கு நெடுநாள் குறை ஒன்று உண்டு: பேர் வெட்டினால் டம்ளரில் அடங்காது. 'தெய்வசிகா'வோடு விளிம்பு முடிந்துவிடும். "பூவராகன் கச்சிதமா இருக்கே!" என்று வாங்கிக்கொண்டார். விலையாகக் கிடங்கு இரும்பு முழுவதையும் கொடுத்து, அக்கரையிலிருந்தே பாலத்தை நீட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்.

வடிவாம்பாள் டிரங்குப் பெட்டியோடு பாலத்தில் நடந்து வந்தாள். இக்கரையில் கோமளம் குறிப்பேட்டோடு நின்றாள்.

"யார் வீட்டுக்குப் போகணும்?"

"எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு."

"அவர் பேர்?"

"அதை எப்படிடி சொல்றது? அந்த மூணாவது அவதாரம்... முன்னாடி ஒரு பூ."

"பூவராகனா? அவர் அக்கரையில பாத்திரக்கடை வச்சிருக்காருக்கா. திரும்பிப் போங்க."

"வடிவு! நான்தான் இங்கேயே நிக்கிறேனே!" என்று பதறினார் பழைய பூவராகன்.

"உங்களுக்குத்தான் இப்ப பேரே இல்லையே. நீங்க விக்கலைன்னா பாலம் ஏது? பாலம் இல்லைன்னா அக்கா இங்க ஏது?" என்றாள் கோமளம்.

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியைத் தலையில் சுமந்து, மனைவியைத் தானே கூட்டிப் போய்ப் பாத்திரக்கடை வாசலில் விட்டார்.

"பூவராகன் சம்சாரம் வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் வடிவாம்பாள். அது இப்போது புருஷன் பேர் இல்லையே, தாராளமாகச் சொல்லலாம்.

கல்லாவிலிருந்த முதலாளியம்மா ஒரு கரண்டியைக் கையில் எடுத்தார். அதிலும் பூவராகன் என்றுதான் வெட்டியிருந்தது. முதலாளி தெய்வசிகாமணி தலையைத் தடவிக்கொண்டே ஓடிவந்தார். "ஐயா, உங்க பேரை நீங்களே வச்சுக்குங்க! என் இரும்பைக் கொடுத்துடுங்க!"

வடிவாம்பாள் பெட்டியோடு அம்மா வீட்டில் காத்திருக்க, தலைவர் இக்கரைக்கு ஓடிவந்து மன்றத்தைக் கூட்டினார்.

"இரும்பைக் கொடுத்தா பாலம் போயிடுமே?" என்றார் ஆவுடையப்பன்.

"பாலம் எதுக்கு? அக்கா வரத்தானே? பேர் கிடைச்சா அக்கா வந்துடுவாங்க. அப்புறம் பாலம் எதுக்கு?" என்றாள் கோமளம்.

எல்லாத் தலைகளும் ஆடின. மறுநாள் முதலாளியின் ஆட்கள் அக்கரையில் நின்று பாலத்தைக் கடைசி ஆணிவரை இழுத்துக்கொண்டார்கள்.

மாலையில் பூவராகன், முழுப் பேரோடும் புதுச் சட்டையோடும் இக்கரையில் போய் நின்றார். வடிவாம்பாள் பெட்டியோடு அக்கரையில் வந்து நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு வழக்கம்போலக் கத்தினாள்:

"பத்திரமா இருங்க!"

கோமளம் துள்ளிக் குதித்தாள். "தலைவரே, கேட்டீங்களா? அக்கரையிலயும் வெளியிட ஆரம்பிச்சுட்டாங்க! உங்களுக்கு எத்தனை பத்திரம் சொல்லட்டும்?"

பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு. அவ வந்தா அவளுக்கும் ஒண்ணு வேணுமே."