மூன்றாவது கரண்டி

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு குரு இருந்தார். நல்ல பருமன். அவருடைய தொந்தியைத் தொட்டுக் கும்பிட்டால் வீட்டு அரிசிப்பானை காலியாகாது என்று அந்த வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை. வருகிறவர்கள் தொடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே காட்டுவார். அந்த உடம்பைப் பார்த்து யாரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிற்றம்பலம் அவருடைய சிஷ்யன். வயதில் குருவைவிட மூத்தவன், காதோரம் நரைத்த பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டவன். மடத்து உக்கிராணம் அவன் பொறுப்பு. அரிசியும் பருப்பும் வெல்லமும் அவன் கையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகும். குரு தும்மினால்கூட அதற்கு ஏதோ பொருள் இருக்கும் என்று உட்கார்ந்து யோசிக்கிற ரகம்.

அவன் மனைவி உலகம்மைக்கு அப்போது ஏழாம் மாதம்.

வெள்ளிக்கிழமை காலையில் அரிசி மூட்டைகளை நிறுத்து முடித்ததும், அதே தராசின் பக்கம் அவளைக் கூப்பிடுவான்.

“ஏறு.”

ஏறுவாள். மூட்டை இருந்த இடத்தில் நிற்பாள். அவன் முள்ளைப் பார்ப்பான், அவள் சுவரைப் பார்ப்பாள்.

“இந்த வாரம் கூடலை. நல்லது.”

கூடியிருந்தால் ராத்திரிச் சோற்றில் கை வைத்துவிடுவான். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். தட்டில் போட்டதைத் திரும்ப அள்ளிச் சட்டியில் போடுவான், அவ்வளவுதான். பிரியமானவன் என்றுதான் ஊர் சொல்லும். அதில் பொய்யும் இல்லை.

நாலாம் மாதத்தில் மசக்கை விட்டு அவளுக்குப் பசி எடுத்தது. கன்னம் பூரித்தது, வளையல் இறுகியது. பார்த்த பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். சிற்றம்பலம் மட்டும் பயந்தான். நேரே குருவிடம் ஓடினான்.

“சாமி, உலகம்மை ரொம்பச் சாப்பிடுதா. உடம்பு ஏறிக்கிட்டே போகுது. என்ன செய்ய?”

குரு அப்போது யாரோ கொண்டுவந்த லட்டைப் பிட்டுக்கொண்டிருந்தார். கூடம் நிறைய ஆட்கள்.

“வாய்க்கு ஒரு கதவு போடச் சொல்லு.”

கூடமே சிரித்தது. குருவும் தொந்தி குலுங்கச் சிரித்தார். சிற்றம்பலம் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைப் போட்டான். குரு வாக்கு என்று தெரிந்ததும் ஊரும் அவனோடு சேர்ந்துகொண்டது.

ஆறாம் மாதம் சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்தாள். உலகம்மையின் மேல்கையைத் தன் விரல்களால் வளைத்துப் பார்த்தாள்.

“எடை ஏறவே இல்லையே. புள்ள வளர்ற மாசம் இது. என்ன குடுக்கீங்க இவளுக்கு?”

“அளவாக் குடுக்கோம்.”

“யாரு சொன்ன அளவு?”

“குரு வாக்கு.”

“உங்க குரு எத்தனை புள்ள பெத்தாரு?”

சிற்றம்பலம் காதைப் பொத்திக்கொண்டான். அதைக் கேட்டதற்காகக் கன்னத்திலும் போட்டுக்கொண்டான். நர்சம்மா சத்து மாவுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். அது அன்றைக்கே உக்கிராணத்து மேல்தட்டுக்குப் போய்விட்டது.

பிறகு ஒரு மத்தியானம், மூட்டைகளுக்குப் பின்னால் எலி கொறிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. சிற்றம்பலம் கம்பை எடுத்துக்கொண்டு போனான். உலகம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

“வாயைத் திற.”

அவள் திறக்கவில்லை.

“திறன்னு சொல்லுதேன்.”

அவள் தாடையைப் பிடித்தான். விரலை விட்டு வழித்தான். பச்சரிசி. எச்சிலோடு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவள் அழவில்லை. அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி அப்படிப்பட்டது, வெட்கப்படக்கூட நேரம் கொடுக்காது.

சிற்றம்பலத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மடத்து அரிசி, கீழே கொட்டக் கூடாது. எச்சில் பட்டது, மூட்டையில் திரும்பப் போடவும் முடியாது. அவளிடமே கொடுத்துவிடலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. கையை மூடிக்கொண்டு குருவிடம் போனான்.

“சாமி, நீங்க சொன்னபடி கதவு போட்டேன். இப்ப திருட ஆரம்பிச்சுட்டா. இனி என்ன செய்யணும்?”

“என்ன கதவு?”

“வாய்க்குக் கதவு. நீங்கதான போடச் சொன்னீக.”

குருவுக்கு நினைவு இல்லை. யோசித்துப் பார்த்தார். மெல்ல வந்தது.

“நான் அப்ப லட்டு தின்னுக்கிட்டிருந்தேன்.”

“ஆமா சாமி.”

“எல்லாரும் சிரிச்சாங்க.”

“ஆமா சாமி.”

“நீ சிரிக்கலையா?”

“குரு வாக்குக்கு எப்படிச் சாமி சிரிக்க?”

குரு அவன் மூடிய கையைப் பார்த்தார். “கையில என்ன?”

விரித்துக் காட்டினான். “அவ வாயிலருந்து எடுத்தது.”

குரு தொந்தியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

“ஏன் சிற்றம்பலம் இவ்வளவு பயம் உனக்கு?”

சிற்றம்பலம் சொன்னான். யாரிடமும் சொல்லாததை அல்ல, எல்லோரும் அவனிடம் சொன்னதைச் சொன்னான்.

“எங்கம்மா என்னைப் பெத்துட்டுச் செத்துட்டா, சாமி. என் தலை பெருசாம். தூக்க முடியாத கனமாம். ரெண்டு பகல் ஒரு ராத்திரி கிடந்து துடிச்சாளாம். உங்கம்மாவ நீதான் கொன்னேன்னு எங்கத்தை சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு போட்டா.”

“சரி.”

“இத்தனைக்கும் புள்ள பெருத்துடக் கூடாதுன்னு கடைசி ரெண்டு மாசம் எங்கம்மாவுக்குக் கஞ்சித்தண்ணிதான் குடுத்தாகளாம். அதுக்கே நான் அம்புட்டுப் பெருசுன்னா, சோறு போட்டா என்ன ஆகும் சாமி? உலகம்மையும் போயிட்டான்னா எனக்கு யாரு இருக்கா?”

அவன் கையிலிருந்த அரிசி காய ஆரம்பித்திருந்தது.

“நாளைக்குப் பௌர்ணமிப் பந்தி. அவளைக் கூட்டிக்கிட்டு வா,” என்றார் குரு.

அந்த மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. குருவின் கை இலையில் படாமல் வேறு யாரும் சோற்றைத் தொடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வருவது. குரு உட்கார்ந்த வேகத்தில் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறவர் என்பதால் அந்த வழக்கத்தால் யாருக்கும் அதுவரை கஷ்டம் வந்ததில்லை.

பௌர்ணமியன்று கூடம் நிரம்பி வழிந்தது. வெளியூர் ஆட்களும் வந்திருந்தார்கள். உலகம்மையைத் தனக்கு நேர் எதிரே உட்காரச் சொன்னார் குரு. அவளுடைய இலையில்தான் முதலில் பரிமாறச் சொன்னார். சோறு, பருப்பு, நெய், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். எல்லா இலையும் நிரம்பிய பிறகு குரு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“தாயி, நீ முதல்ல சாப்பிடு. நீ சாப்பிட்டாத்தான் நான் கை வைப்பேன்.”

கூடம் சிலிர்த்துப்போனது. கர்ப்பிணிக்கு முதல் சோறு! என்ன மனசு இந்தச் சாமிக்கு என்று சிலருக்குக் கண்கூடக் கலங்கியது. குருவுக்கும் உள்ளூர ஒரு திருப்தி. செய்த தப்பைச் சபை நடுவில் சரிசெய்துவிட்ட திருப்தி.

உலகம்மை கையை நீட்டினாள். நெய்ச்சோற்றைப் பிசைந்தாள். உருட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை கண்ணும் அவள் கையில் இருந்தது. உருண்டை இலையில் விழுந்தது.

“சாப்பிடும்மா,” என்றார்கள் அன்பாக.

மறுபடி எடுத்தாள். உதடுவரை போயிற்று, உள்ளே போகவில்லை.

பருப்பு ஆறியது. அப்பளம் நமுத்தது. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. பசி வந்ததும் அன்பு எத்தனை தூரம் வரும் என்று அன்றைக்குப் பார்க்க முடிந்தது.

“ரெண்டு வாய் அள்ளிப் போட்டா என்னவாம்?”

“இத்தனை பேரைக் காக்க வச்சுக்கிட்டு என்ன பிகு?”

“தின்னுட்டுத் தொலையேம்மா!”

மூன்று மாதமாக அவள் தட்டை எட்டிப் பார்த்து, ‘போதும்மா, புள்ள பெருத்துடும்’ என்று சொன்ன அதே வாய்கள்தான். சிற்றம்பலத்துக்கு அவமானமாக இருந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

“உலகம்மா, சாப்பிடு. எல்லாரும் பாக்காக.”

அவனிடமிருந்து ‘சாப்பிடு’ என்ற சொல்லை அவள் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அது வந்ததும் பந்திக்காகத்தான் வந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. குருவைப் பார்த்தாள்.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு தாயி.”

“வெள்ளிக்கிழமையானா இவுக தராசுல முள்ளப் பாக்காக. ராத்திரியில தட்டப் பாக்காக. மத்த நேரமெல்லாம் ஊரே என் வாயப் பாக்கு. இன்னைக்கு நீங்களும் என் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக. நான் எங்க போய்ச் சாமி வாயத் தொறக்க?”

குருவின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. அவரை அந்த மடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சிற்றம்பலம் குறுக்கிட்டான். “ஏட்டி, யார்கிட்டப் பேசுத…”

“நீ போய் உன் இடத்துல உட்காரு,” என்றார் குரு.

பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த உடம்புக்கு அது லேசான வேலை இல்லை. குனிந்து தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, சோறு சிந்தாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் முதுகுதான் இப்போது கூடத்துக்குத் தெரிந்தது.

“எல்லாரும் திரும்பிக்கோங்க.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சோத்துச் சட்டியை அந்தப் பொண்ணு பக்கத்துல வச்சுட்டு, பரிமாறுறவங்களும் திரும்பிக்கோங்க.”

இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லோரும் மனதாரத் திரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. இழவு வீட்டில்கூடச் சுவரைப் பார்த்துச் சோறு தின்றதில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் திரும்பினார்கள்.

“சிற்றம்பலம், உன் எலை எந்தப் பக்கம் இருக்கு?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் குரு.

அவன் இலை மட்டும்தான் திரும்பாமல் இருந்தது. திருப்பிக்கொண்டான். குருவுக்குப் பக்கத்து இடம் அவனுடையது.

குரு இலையில் கை வைத்தார். கூடம் சாப்பிட ஆரம்பித்தது.

சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்து தானாகப் பின்பக்கம் திரும்பப் போயிற்று. பிடித்து வைத்துக்கொண்டான். கண்ணை அடக்கினாலும் காதை என்ன செய்வது? அத்தனை சத்தத்துக்கு நடுவிலும், பின்னால் சட்டியில் கரண்டி இடிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. அதை ஒன்று என்று வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

“சாமி.”

“ம்.”

“அவ சாப்பிடுதாளா?”

“தெரியலை.”

“எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போற?”

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டான். பாயசம் இலையில் ஓடிச் சோற்றோடு கலந்துகொண்டிருந்தது. அவன் அணை கட்டவில்லை.

பின்னால் கரண்டி மறுபடியும் சட்டியில் இடித்தது. அவனால் தாங்க முடியவில்லை. குருவின் காதோரம் சாய்ந்தான்.

“சாமி, இது மூணாவது கரண்டி.”

குரு திரும்பவில்லை.

“உங்கம்மாவுக்கு எத்தனை கரண்டி போட்டாங்க, சிற்றம்பலம்?”

அவனுக்குப் பதில் தெரியும். கஞ்சித்தண்ணி என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு மனப்பாடமான பதில்தான். சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே இருந்தது.